காப்பு நகல் இருந்தால் மட்டும் போதுமா?

(தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



மருத்துவர், ஆசிரியர், வழக்கறிஞர் என்று சொன்னால் அவர் செய்யும் வேலை குழந்தைக்கும் புரியும். 'தகவல் சேமிப்பு நிர்வாகி' என்று ஒருவர் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டால், "அப்படியென்றால் என்ன தம்பி? கணினி பழுது பார்ப்பீர்களா?" என்றுதான் உறவினர்கள் கேட்பார்கள்.

வங்கி அட்டையைச் செருகியதும் கணக்கிலுள்ள தொகை திரையில் தெரிகிறது. மருத்துவமனையில் அடையாள அட்டையைக் காட்டியதும் மூன்றாண்டுகளுக்கு முந்தைய இரத்தப் பரிசோதனை முடிவு மருத்துவர் கண்முன் வந்து நிற்கிறது. அந்தத் தகவல் எங்கோ ஓரிடத்தில் பத்திரமாக இருந்தால்தானே வரும்? அதைப் பத்திரமாக வைத்திருப்பதே இவருடைய தொழில். வேலை ஒழுங்காக நடக்கும்வரை இப்படி ஒருவர் இருப்பதே யாருக்கும் தெரியாது. ஒரு நாள் தவறினால் ஊருக்கே தெரிந்துவிடும்.

அந்த ஏழு மணி நேரம்

சிங்கப்பூர் நேயர்கள் பலருக்கு 2010 ஜூலை 5ஆம் தேதி நினைவிருக்கும். அன்று திங்கட்கிழமை. அதிகாலை 3 மணியளவில் டிபிஎஸ் வங்கியின் கணினி முறை நின்றுபோனது. பிஓஎஸ்பி வங்கியும் அதனுடையதே. ஏறத்தாழ 7 மணி நேரம் பண இயந்திரங்கள் உள்ளிட்ட சேவைகள் முடங்கின.

திருடர்கள் புகுந்தார்களா? வைரஸ் தாக்கியதா? இரண்டுமில்லை. தகவல் சேமிப்புக் கருவியில் ஒரு பாகத்தைச் சரிசெய்யும் வழக்கமான பராமரிப்பு வேலைதான் அன்று நடந்தது. பராமரிப்புப் பொறுப்பை ஏற்றிருந்த ஐபிஎம் நிறுவனத்தின் ஊழியர்கள், காலாவதியான செயல்முறையைப் பின்பற்றிவிட்டனர். விளைவு, முழு முறையும் நின்றது. அடுத்த மாதமே சிங்கப்பூர் நாணய ஆணையம் வங்கியைக் கண்டித்தது. ஏறத்தாழ 230 மில்லியன் வெள்ளியைக் கூடுதல் மூலதனமாக ஒதுக்கி வைக்கவும் உத்தரவிட்டது.

ஊர் உறங்கும் நேரத்தில்தான் சேமிப்பு நிர்வாகி தம் வேலையைச் செய்ய முடியும். பகலில் கருவியைத் தொட்டால் வாடிக்கையாளர் பாதிக்கப்படுவார். அதனால் இரவு 2 மணி, 3 மணி என்று எழுந்து போகிறார். தூக்கக் கலக்கத்தில் ஒரு படியைத் தவறவிட்டாலும் பாதிப்பு பல்லாயிரம் பேருக்கு.

கூட்டல் கணக்கில் ஒரு காவல்

1956இல் ஐபிஎம் வெளியிட்ட ராமாக் கணினியில் 24 அங்குல அகலமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அவை அனைத்தும் சேர்ந்து சுமார் 50 லட்சம் எழுத்துகளைத்தான் தாங்கின. இன்று உள்ளங்கை அளவுள்ள வன்தட்டு அதைப்போல் பல லட்சம் மடங்கு தாங்குகிறது. ஆனால் அன்றும் இன்றும் மாறாத உண்மை ஒன்று உண்டு. எந்தத் தட்டும் ஒரு நாள் பழுதாகும்.

அதற்கு ஒரு வழியை 1988இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவரும் ஆய்வுக் கட்டுரையாக எழுதினர். அந்த முறைக்கு 'ரெய்டு' என்று பெயர். மூன்று தட்டுகளில் 5, 8, 4 என்ற எண்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நான்காவது தட்டில் அவற்றின் கூட்டுத்தொகை 17ஐ எழுதி வைக்கிறோம். இரண்டாவது தட்டு கெட்டுப்போனால் 17இலிருந்து 5ஐயும் 4ஐயும் கழித்தால் போதும், தொலைந்த 8 கிடைத்துவிடும். கணினி செய்யும் கணக்கு சற்று வேறு என்றாலும் தத்துவம் இதுதான்.

இங்கேதான் பலர் ஏமாந்துவிடுகின்றனர். தட்டு கெட்டால் இந்த முறை காப்பாற்றும். மனிதர் கைதவறி ஒரு கோப்பை அழித்துவிட்டால்? அந்த அழிப்பையும் எல்லாத் தட்டுகளும் அந்தக் கணமே உண்மையாகப் பின்பற்றும்! ஆகவேதான் 'பேக்கப்' எனப்படும் காப்பு நகல் தனியாக வேண்டும். மூன்று நகல்கள், இரண்டு வகைக் கருவிகள், ஒன்று வேறொரு கட்டடத்தில். இது இத்துறையினரின் பால பாடம்.

ஐந்து வழிகளும் அடைபட்டபோது

காப்பு நகல் எடுத்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாமா? 2017 ஜனவரி 31ஆம் தேதி கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் நடந்ததைக் கேளுங்கள். இரவு நெடுநேரம் சிக்கலோடு போராடிய பொறியாளர் ஒருவர், ஒரு கணினியில் அழிக்க வேண்டிய தகவலை மற்றொரு கணினியில் அழிக்கக் கட்டளையிட்டுவிட்டார். ஓரிரு விநாடிகளில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் ஏறத்தாழ 300 கிகாபைட் தகவலில் 4.5 கிகாபைட் மட்டுமே எஞ்சியது.

அந்நிறுவனத்திடம் ஐந்து விதமான பாதுகாப்பு ஏற்பாடுகள் இருந்தன. திறந்து பார்த்தபோது ஒன்றுகூட நம்பிக்கையாக வேலை செய்யவில்லை. நகல் எடுப்பது தோல்வியடைந்ததை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் உரியவர்களுக்கு வந்து சேரவில்லை. ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு முன்பு அதே பொறியாளர் வேறொரு வேலைக்காகத் தற்செயலாக எடுத்து வைத்திருந்த நகல்தான் அவர்களைக் காப்பாற்றியது. அந்நிறுவனம் எதையும் மூடி மறைக்கவில்லை. மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டியது.

நகல் எடுப்பது பாதி வேலை. அதைத் திரும்பப் போட்டுப் பார்ப்பது மீதி வேலை. நல்ல நிர்வாகி யாரும் கேட்காமலேயே குறித்த நாள்களில் பழைய நகலைத் திறந்து சோதிக்கிறார். இந்தச் சலிப்பூட்டும் வேலைக்குக் கைதட்டல் கிடைக்காது. ஆனால் ஆபத்து நாளில் கைகொடுப்பது அதுதான்.

வேலை முடிந்த பிறகும்

இப்படிப்பட்டவர்களுக்குச் சொந்த விருப்பங்கள் இல்லாமலா போகும்? அமெரிக்காவின் ஜேசன் ஸ்காட்டை எடுத்துக்கொள்வோம். கணினி முறை நிர்வாகியாக வேலை பார்த்தவர். தொலைபேசிக் கம்பி வழியே கணினி வைத்திருந்தோர் 1980களில் பரிமாறிக்கொண்ட எழுத்துகளைத் திரட்டி, 1998இல் ஒரு தளமாகத் தொடங்கினார். அந்தக் காலத்து மனிதர்களைத் தேடிச் சென்று பேட்டி கண்டு, 2005இல் ஆவணப்படமாகவும் வெளியிட்டார்.

2009இல் யாஹூ தனது ஜியோசிட்டிஸ் சேவையை மூடுவதாக அறிவித்தது. சாதாரண மக்கள் குடும்பக் கதை, சமையல் குறிப்பு, இறந்துபோன பிள்ளையின் நினைவு என்று தங்கள் கையால் எழுதிய பக்கங்கள் அவை. ஸ்காட்டும் அவருடைய தொண்டூழிய நண்பர்களும் மூடுவிழாவுக்கு முன்பாக முடிந்தவரை நகலெடுத்துக் காப்பாற்றினர். 2011இல் அவர் இன்டர்நெட் ஆர்கைவ் அமைப்பில் இணைந்தார். இவ்வளவுக்கும் நடுவே, தம் பூனை சாக்கிங்டனின் பெயரில் அவர் டுவிட்டரில் எழுதிய குறும்புகளை ஒரு மில்லியனுக்கும் அதிகமானோர் பின்தொடர்ந்தனர்!

வேலையில் அடுத்தவர் தகவலைக் காத்த கை, ஓய்வில் ஊரார் நினைவுகளைக் காத்தது. தொழிலும் விருப்பமும் ஒன்றானால் உலகுக்கு இலாபம்.

உங்கள் வீட்டுப் பெட்டகம்

1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களைத் தேசிய நூலக வாரியம் மின்வடிவில் சேமித்து வைத்திருக்கிறது. தாத்தா படித்த செய்தியைப் பேரப்பிள்ளை படிக்கலாம். ஆனால் அந்தத் தாத்தாவின் குரல்? பாட்டி கோலம் போடும் காணொளி? தீபாவளியன்று குடும்பமே சேர்ந்து எடுத்த படம்? அவற்றை எந்த நூலகமும் உங்களுக்காகச் சேமிக்காது. பெரும்பாலான வீடுகளில் அவை ஒரே ஒரு கைத்தொலைபேசியில்தான் இருக்கின்றன. அது பேருந்தில் தொலைந்தால் எல்லாம் தொலைந்தது.

நேயர்களே, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சேமிப்பு நிர்வாகி தேவை. அது உங்கள் வீட்டு இளையராகவும் இருக்கலாம். படங்களை வெளிவன்தட்டு ஒன்றில் நகலெடுங்கள். இன்னொரு நகலை அக்காள் வீட்டிலோ தம்பி வீட்டிலோ கொடுத்து வையுங்கள். முக்கியமாக, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தத் தட்டைச் செருகி, பழைய படம் ஒன்றையாவது திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது நகல். திறக்காவிட்டால் அது வெறும் பெட்டி.

இந்த வார இறுதியில் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பாருங்களேன்.