இல்லுமினாட்டியிடம் மனு கொடுக்க முடியாது

காசிமேட்டில் ஊடகம் பற்றிப் பேச்செடுத்தால் தம்பிகள் சொல்வது: "எல்லாம் இல்லுமினாட்டி வேலைக்கா." அந்தச் சங்கத்தை 1776இல் பவேரியாவில் ஒரு பேராசிரியர் தொடங்கினார். பத்து ஆண்டுக்குள் அரசு தடை போட்டுவிட்டது. நம் யூடியூபில்தான் அதற்குச் சாவே இல்லை!

சந்தேகப்படுவது தப்பில்லை. யார் மேல் என்பதுதான் கேள்வி. எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம். 2018இல் எல் அண்ட் டியிடமிருந்து அதானி குழுமம் அதை வாங்கியது. 2022 முடிவதற்குள் என்டிடிவியின் பெரும்பான்மைப் பங்குகளும் அதே குழுமத்தின் கைக்கு வந்தன. ரகசியம் ஏதுமில்லை, பங்குச்சந்தைக்குச் சொல்லிவிட்டுத்தான் வாங்கினார்கள். துறைமுக விரிவாக்கத்தை எதிர்க்கும் பழவேற்காடு மீனவர்களை அந்தச் சேனல் எவ்வளவு நேரம் காட்டும் என்று கேட்க, முக்கோணமும் ஒற்றைக் கண்ணும் எதற்கு?

செய்தி அறைக்குள் யார் இருக்கிறார்கள்? 2019இல் ஆக்ஸ்ஃபாமும் நியூஸ்லாண்டரியும் ஆங்கில, இந்தி ஊடகங்களை ஆராய்ந்தன. 121 தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்சாதியினர் எனப்படுவோரிடம். தலித், பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை. இந்த 106 பேரும் நள்ளிரவில் கூடிச் சதி செய்யத் தேவையே இல்லை. ஒரே மாதிரித் தெருக்களில் வளர்ந்தவர்களுக்கு எது செய்தி, எது செய்தியில்லை என்பது பேசாமலே புரிந்துவிடும். சாதி அப்படித்தான் வேலை செய்கிறது.

2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தபோது, மீனவர்கள் சிபிசிஎல் பெயரைச் சொல்லித்தான் நியாயம் கேட்டார்கள். சேனல்களையும் பெயர் சொல்லியே கேட்போம்: உங்கள் முதலாளி யார்? உங்கள் ஆசிரியர் குழுவில் சேரியிலிருந்து, குப்பத்திலிருந்து எத்தனை பேர்?