மழை ஓய்ந்தால் என்ன அர்த்தம்?

நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மையார், "அறுபதுக்கு மேல ஓய்வுதாங்க வேணும்" என்று உருகிவிட்டார். நான் தமிழ் வாத்தியார். எனக்கு ஒரு சந்தேகம். மழை ஓய்ந்தது என்கிறோமே, மழை படுத்து இளைப்பாறுதுன்னா அர்த்தம்? நின்னு போச்சுன்னு அர்த்தம்! (சிரிப்பு)

எங்கம்மா எழுபது வயது வரை கிராமத்தில் அம்மியில் அரைத்தவர், கிணற்றில் நீர் இறைத்தவர். நகரத்தில் வீடு கட்டி அழைத்து வந்தேன். மிக்சி, குழாய், சாய்வு நாற்காலி. "ஒரு துரும்பைக்கூட அசைக்கக் கூடாதும்மா" என்றேன். சொந்தக்காரர்கள் எல்லாம் மெச்சினார்கள். நாலே வருஷம். குளியலறையில் விழுந்தார். எலும்பு முறியவில்லை, ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. ரெண்டு பேர் சேர்ந்து தூக்கினோம். "வீட்டில் அம்மாவுக்கு என்ன வேலை?" என்றார் டாக்டர். "ஒரு வேலையும் கிடையாது" என்றேன், பெருமையாக! அவர் பார்த்த பார்வை இருக்கே... தொடையில் சதையே இல்லை ஐயா. புழங்காமல் கரைந்து போயிருக்கிறது. கரைத்தது யார்? பாசமுள்ள மகன்!

"அந்த வயசுல போன சதை திரும்புமா?" என்பீர்கள். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில், 86 முதல் 96 வயது வரை உள்ள பத்துப் பேரைக் காலால் எடை தூக்க வைத்தார்கள். வாரம் 3 நாள், மொத்தம் 8 வாரம். ஆய்வு 1990-ல் வெளிவந்தது. முடித்தவர்களுக்குக் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. ரெண்டு பேர் கைத்தடியையே ஓரமா வச்சுட்டாங்க! (கைதட்டல்)

"நான்தான் தினம் நடக்கிறேனே" என்று முன்வரிசையில் ஒரு பெரியவர் முணுமுணுக்கிறார். நடங்க ஐயா, இதயத்துக்கு நல்லது. ஆனால் தசை சுமை கேட்கும். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் தந்த வழிகாட்டுதலும், முதியோர் வாரத்தில் 2 நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது. இரத்த அழுத்தம், இதயக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

"அம்மாவை ஜிம்முக்கா அனுப்பறே?" என்று தங்கச்சி சண்டைக்கு வந்தாள். ஜிம் எதுக்கு? நாற்காலி போதும். உட்கார்ந்து எழுவதுதான் பயிற்சி. முதல் வாரம் கையை ஊன்றி மூணு தடவை. அதற்கே மூச்சு வாங்கியது. அப்புறம் ஊன்றாமல். அப்புறம் மடியில் ஒரு கிலோ அரிசிப் பையோடு. ஆறு மாசம் ஆச்சு.

மணி அடிக்காதீங்க நடுவரே, முடிச்சிட்டேன். போன பொங்கலுக்கு நான் தண்ணீர்க் குடத்தைத் தூக்கக் குனிந்தேன். அம்மா சொன்னார்: "தள்ளுடா, நீ இடுப்பைப் பிடிச்சுக்குவே!"