அரிவாட் கலச் சோகையும் பிள்ளைகளின் சிந்தனையும்



ஆசிரியர் கரும்பலகையில் எழுதிய கணக்கை வகுப்பிலுள்ள ஏனையோர் செய்து முடித்துவிடுகின்றனர். ஒரு பிள்ளை மாத்திரம் இன்னும் முதலாம் படியிலேயே நிற்கின்றான். புத்தகத்தை எடு, பத்தாம் பக்கத்தைத் திற, மூன்றாம் வினாவுக்கு விடை எழுது என்று ஒருங்கே சொன்னால், முதலாவதைச் செய்துவிட்டு மற்றவற்றை மறந்துபோய் இருக்கின்றான். அவனைச் சோம்பேறி என்பதும் மந்தபுத்தி என்பதும் மிக எளிது. ஆனால் அவ்வாறு பெயர் வாங்கிய பிள்ளைகளுள் சிலருக்குக் குறை முயற்சியில் இல்லை, குருதியில் இருக்கின்றது. அத்தகைய நோயொன்றைப் பற்றியே இன்று பேச எண்ணியுள்ளேன்.

1910ஆம் ஆண்டில் சிக்காகோ நகரத்து வைத்தியர் ஹெரிக் என்பார், கிரனடாத் தீவிலிருந்து பல் வைத்தியம் பயில வந்த மாணவர் ஒருவரின் குருதியில் அரிவாள்போல் வளைந்த செங்கலங்களைக் கண்டதாக எழுதினார். (அந்த மாணவர் படிப்பை முடித்துப் பட்டமும் பெற்று, தம் தீவுக்கு மீண்டு தொழில் நடத்தினார் என்பதை இங்கே சொல்லிவைக்க விரும்புகின்றேன். இந்நோயுடையோர் யாவரும் அறிவிற் குறைந்தோர் என்று எவரும் எண்ணிவிடலாகாது.) குற்றம் ஈமோகுளோபினிலே உள்ளதென்று 1949இல் போலிங் குழுவினர் காட்டினர். குளூட்டாமிக்கமிலம் இருக்கவேண்டிய ஓரிடத்தில் வலீன் என்னும் வேறோர் அமினோ அமிலம் அமர்ந்திருப்பதே அக்குற்றம் என்று 1957இல் இங்கிராம் கண்டறிந்தார். தாய் தந்தை இருவரிடமிருந்தும் இக்கூறு வந்தடைந்த பிள்ளைக்கே நோய் உண்டாகும். ஒருவரிடமிருந்து மாத்திரம் பெற்றவர் பெரும்பாலும் சுகமாகவே வாழ்வர். கொடிய மலேரியாக் காய்ச்சலிலிருந்து அவருக்கு ஓரளவு காப்பும் உண்டு. மலேரியா மலிந்த ஆபிரிக்காவிலும் மத்திய இந்தியாவிலும் இது பரவி நிற்பதற்குக் காரணம் இதுவே. நீலகிரி மலைவாழ் மக்களிடையே இக்கூறு இருப்பது 1952இல் வெளியாயிற்று. நம் நாட்டிலோ இதைக் காட்டிலும் தலசீமியாவையே மக்கள் அறிவர்.

இந்நோயென்றதும் எலும்பு மூட்டுகளைப் பிளக்கும் நோவே பலருக்கும் நினைவில் வரும். மூளைக்கு நேர்வதை அறிந்தோர் குறைவு.

சாதாரணச் செங்கலம் ஏறக்குறைய 120 நாள் வாழும். அரிவாட் கலம் இருபது நாள் தாங்குவதும் அரிது. ஆகவே குருதி எப்பொழுதும் நலிந்தே இருக்கும். ஒவ்வொரு துளியும் சுமந்து வரும் ஒட்சிசன் குறைவாதலின், மூளை தன் பங்கைப் பெறும்பொருட்டுக் குருதியை விரைந்து ஓடச் செய்கின்றது. அவ்விரைவும், நாளங்களின் உட்சுவரை உராயும் கலங்களும் சேர்ந்து பெருநாளங்களை ஒடுக்கிவிடும். தக்க காப்பு அளிக்கப்படாவிடின், கடுமையான வகை நோயுடைய நூறு பிள்ளைகளில் பதினொருவர் அளவில் இருபது வயதுக்கு முன்னரே பாரிசவாதத்துக்கு ஆளாவர் என அமெரிக்க ஆய்வொன்று 1998இல் கூறிற்று.

கை கால் விழுந்தால் எவரும் காண்பர். காணமுடியாத சேதமே எனக்குப் பெருங்கவலை தருவது. குளத்து நீர் வற்றுங்காலத்தில் எந்த வயல் முதலிற் கருகும் என்பதைக் கமக்காரர் அறிவர். வாய்க்காலின் கடைக்கோடியில் உள்ள வயலே அது. மூளையிலும் இரண்டு பெருநாளங்களின் கடைக்கோடிகள் சந்திக்கும் எல்லைப் பகுதிகள் உண்டு. காய்ச்சலோ நெஞ்சு நோயோ வந்து குருதி மேலும் நலியும்போது, ஏற்கெனவே முழு விரைவில் ஓடும் ஓட்டத்தை இன்னும் கூட்ட வழியின்றி, அவ்விடங்களில் சிறு சிறு பொட்டுகளாக இழையம் மடிகின்றது. பிள்ளைக்கு நோவில்லை, முகம் கோணவில்லை, பெற்றோருக்கும் ஒன்றும் தெரியாது. காந்தப் படத்திலேதான் அது தெரியவரும். இந்நோயுடைய பிள்ளைகளில் மூன்றிலொரு பங்கினருக்கு மேல் வளர்ந்து முடிவதற்குள் இத்தகைய மௌனச் சேதம் காணப்படுகின்றது.

இப்பொட்டுகள் பெரும்பாலும் மூளையின் முன்புறத்தே விழுகின்றன. கவனத்தை நிறுத்துதல், இரண்டு மூன்று செய்திகளை ஒருங்கே மனத்தில் வைத்திருத்தல், வேலையை ஒழுங்குபடத் திட்டமிடுதல் ஆகியவற்றுக்கு அப்பகுதி இன்றியமையாதது. பிள்ளை நன்றாகப் பேசுவான், கதை சொல்வான், கணக்கிலே தடுமாறுவான். பொட்டு எதுவும் இல்லாத பிள்ளைகளிடத்தும், நீடித்த சோகையினால் சிந்தனை வேகம் சற்றுக் குறைவதுண்டு. நோவினால் பாடசாலைக்குச் செல்லாத நாட்களையும் இதனோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

இனி, செய்யக்கூடியது என்ன? ஜோர்ஜியாவைச் சேர்ந்த வைத்தியர் அடம்ஸ், செவிக்குக் கேளாத ஒலியைத் தலையோட்டினூடாகச் செலுத்தி, நாளத்தில் குருதி ஓடும் வேகத்தை அளக்கும் டொப்ளர் முறையைப் பயன்படுத்தினார். செக்கனுக்கு 200 சதம மீற்றரும் அதற்கு மேலும் காட்டிய 130 பிள்ளைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு ஒழுங்காகக் குருதியேற்றினர். ஏற்றாதவருள் பதினொருவருக்குப் பாரிசவாதம் வந்தது; ஏற்றியவருள் ஒருவருக்கே வந்தது. ஆய்வை நீடிப்பது அறமன்று எனக் கண்டு, 1997இல் இடைநடுவே நிறுத்தினர். இம்முடிவு 1998இல் வெளியாயிற்று. குருதியேற்றலை நிறுத்தினால் ஆபத்து மீள்கிறது என்பதையும் 2005இல் கண்டனர்.

மாதந்தோறும் குருதி கிடைப்பது எல்லா நாட்டிலும் எளிதன்று. ஏற்றிய குருதியோடு உடலிற் சேரும் இரும்பையும் அகற்றவேண்டும். ஆதலால் ஐதரொட்சியூரியா என்னும் வாய்வழி மருந்தின்பால் வைத்தியர் கவனம் திரும்பியது. வட நைஜீரியாவில், டொப்ளர் அளவு உயர்ந்திருந்த பிள்ளைகளுக்கு அம்மருந்தைக் குறைந்த அளவிலும் மிதமான அளவிலும் கொடுத்து நடத்திய ஆய்வின் முடிவு 2022இல் வெளிவந்தது. பாரிசவாதத்தைத் தடுப்பதில் இரண்டுக்கும் இடையே வேறுபாடு காணப்படவில்லை. வறிய நாடுகளுக்கு இது சிறிய செய்தியன்று.

எனினும், முன்னமே மடிந்துவிட்ட இழையத்தை எம்மருந்தும் மீட்டுத் தராது. அவ்விடத்தில் வைத்தியர் விட்ட பணியை ஆசிரியர் ஏற்கவேண்டும். கட்டளைகளை ஒவ்வொன்றாகச் சொல்லலாம், எழுதியும் கொடுக்கலாம். பரீட்சையில் சிறிது நேரம் கூட்டிக் கொடுக்கலாம். இப்பிள்ளைகளின் சிறுநீரகம் நீரைத் தேக்கிவைக்க வல்லதன்று; ஆகையால் வகுப்பில் அடிக்கடி நீர் அருந்தவும் வெளியே சென்றுவரவும் இடமளிக்கவேண்டும். நன்றாகப் படித்துவந்த பிள்ளையின் புள்ளிகள் திடீரெனச் சரிந்தால், பிரம்பை எடுக்குமுன் பெற்றோரை அழைத்து வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். பேச்சுக் குழறினாலோ ஒரு கை தளர்ந்தாலோ, சற்று நேரத்தில் அது தானே சரியானாலும், மறுநாள்வரை காத்திராமல் அப்பொழுதே கொண்டுசெல்லவேண்டும்.