தேர்வு எழுதவிடுங்கள் என்றுதானே கேட்டார்கள்?



யார் வைத்தியம் பார்க்கலாம் என்று வரையறுக்க ஒரு சட்டம் வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தச் சட்டம் வைத்தியரைப் பார்த்து, "உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்க வேண்டும். ஐரோப்பாவின் சட்டங்களோ பல நூற்றாண்டுகளாக, "நீ யார்?" என்றே கேட்டன. 1322இல் பாரிஸ் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பீடம், ஜக்கோபா ஃபெலிசி என்ற பெண்மணியைக் கூண்டில் ஏற்றியது. உரிமம் இல்லாமல் நாடி பிடித்தார், மருந்து கொடுத்தார் என்பது வழக்கு. பட்டம் பெற்ற மருத்துவர்களால் ஆகாததை இவர் குணப்படுத்தினார் என்று நோயாளிகளே வந்து சாட்சி சொன்னார்கள். வழக்காடவே தகுதியில்லாத பெண்ணுக்கு மருத்துவம் பார்க்கத் தகுதி ஏது என்று பீடம் வாதாடியது. அவர் கற்றதைச் சோதித்துப் பார்க்க ஒருவரும் முன்வரவில்லை. வைத்தியம் பார்க்கவே தடை விதித்தார்கள், மீறினால் மதவிலக்கு என்றும் அச்சுறுத்தினார்கள்.

இங்கிலாந்துக்கு வாருங்கள். 1511இல் எட்டாம் ஹென்றி காலத்துச் சட்டம், கொல்லரும் நெசவாளரும் பெண்களும் வைத்தியம் பார்ப்பதாகக் குறைகூறி, உரிமம் வழங்கும் அதிகாரத்தைப் பிஷப்புகளிடம் ஒப்படைத்தது. பிறகு நடந்ததை அதே நாடாளுமன்றத்தின் வாயாலேயே கேட்கலாம். சுமார் முப்பது ஆண்டுகள் கழித்து வந்த இன்னொரு சட்டம், அறுவை வைத்தியர்கள் தங்கள் வருவாயையே பெரிதாக எண்ணுகிறார்கள், மூலிகை தெரிந்து ஏழைகளுக்கு உதவும் ஆண்களையும் பெண்களையும் வழக்குப் போட்டு வாட்டுகிறார்கள் என்று பகிரங்கமாகக் குற்றம்சாட்டியது. மக்களைக் காக்க எழுப்பிய வேலி யாரைக் காத்தது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தேவையில்லை.

"அந்த வேலி இல்லாவிட்டால் போலி மருத்துவர்கள் பெருகிவிடுவார்களே" என்று கேட்கிறார்கள். நியாயமான அச்சம்தான், நோயாளிக்கு மருத்துவரின் அறிவை எடைபோட வழியில்லை. 1858ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் மருத்துவச் சட்டம் பொதுப் பதிவேட்டைத் தொடங்கியது இதற்காகவே. ஆனால், பதிவுக்குத் தேர்வு வேண்டும் என்று விதித்துவிட்டு, தேர்வு அறைக்குள் பெண்கள் நுழையாதபடி பூட்டினார்களே, அது எந்தப் போலியை ஒழிக்க? எலிசபெத் காரெட் 1865இல் மருந்தாளர் சங்கத்தின் தேர்வில் வென்றார். உடனே அந்தச் சங்கம் விதியை மாற்றி, பின்னால் வருவோருக்கு அந்த வழியை அடைத்தது. எடின்பரோவில் மருத்துவ மாணவி சோஃபியா ஜெக்ஸ்-பிளேக்கும் ஆறு தோழியரும் 1870 நவம்பர் 18 அன்று தேர்வு எழுதச் சென்றபோது, கூட்டம் வாசலை மறித்துச் சேற்றை வாரி வீசியது. தேர்வு வேண்டாம் என்று அந்தப் பெண்கள் சொன்னார்களா? எங்களையும் தேர்வு எழுதவிடுங்கள் என்றுதானே கேட்டார்கள்! போலியைக் கண்டு அஞ்சுகிறவர் அவர்களுக்கல்லவா முதலில் கதவைத் திறந்திருக்க வேண்டும்?

"அது அந்தக் காலத்து வழக்கம், இன்றைய அளவுகோலால் அளக்கலாமா?" என்பது அடுத்த வாதம். அந்தக் காலத்து அளவுகோலையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் பட்டம் பெற்ற எலிசபெத் பிளாக்வெல்லின் பெயர் 1859லேயே பிரிட்டிஷ் பதிவேட்டில் ஏறிவிட்டது. எடின்பரோவில் மறுத்ததை, அதே பேரரசின் நம் சென்னை மருத்துவக் கல்லூரி 1875இல் கொடுத்தது. மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்கள் இங்கே மருத்துவம் படிக்க அமர்ந்தார்கள். ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்ட மாட்டாமல் பிரசவத்தில் மடியும் பெண்களைக் கண்டுதான் ஷார்லீப் படிக்கத் துணிந்தார். ஆக, முடியாது என்பது பொய். மனமில்லை என்பதே உண்மை.

மறு ஆண்டு, 1876இல், பெண்களுக்கு உரிமம் கொடுக்கலாம் என்று பிரிட்டனில் சட்டம் வந்தது. கொடுத்தே ஆக வேண்டும் என்று அது சொல்லவில்லை. சேறு வாங்கிய அந்த எழுவருக்கு எடின்பரோ பல்கலைக்கழகம் மருத்துவப் பட்டம் அளித்தது 2019இல். அதைப் பெற்றுக்கொள்ள அவர்களில் ஒருவரும் உயிரோடு இல்லை. இன்றைய மாணவிகள் அவர்கள் சார்பில் மேடையேறி வாங்கினார்கள்.