முளைவிதையும் வெப்பமும்

நிலத்தில் விழுமுன்னரே ஒரு பயிரின் தலைவிதி பெருமளவுக்கு முடிவாகிவிடுகிறது என்று கூறினால், மட்டக்களப்பு உழவர் எவரும் அதனை மறுக்கமாட்டார். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது பழமொழி. அந்த முளையோ, வயலின் சேற்றிலன்றி, வீட்டு முற்றத்தின் ஓரத்தில் கிடக்கும் ஈரச் சாக்கினுள்ளே பிறக்கிறது. சாக்கு அங்கே கிடக்கும் இரண்டு நாட்களில் உள்ளே நிகழ்வது யாது, அதனை எவ்வாறு காவல் செய்வது என்பதே இப்பேச்சின் பொருளாகும்.

மட்டக்களப்பு வாவி ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம்வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. படும் பக்கம் படுவான்கரை. எழுவான்கரையின் மணல் நிலத்தில் தென்னையும் வீட்டுத் தோட்டமும் செழிக்கின்றன. படுவான்கரையிலோ கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வட்டைகள் பரந்துள்ளன. மாரி மழையை நம்பிப் புழுதியில் விதைப்போரும் உளர். உன்னிச்சை, நவகிரி போன்ற குளங்களின் நீரைக்கொண்டு வயலைச் சேறாக்கி, முளைகட்டிய விதையை வீசுவோரும் உளர். இந்த இரண்டாம் முறையாருக்கே சாக்கினுள் நிகழும் செய்தி மிக முக்கியமானது.

விதை முளைக்க வெப்பம் வேண்டும் என்பது உலகம் முழுவதும் அறிந்த உண்மை. குளிர் நாடுகளில் அந்த வெப்பத்தைத் தேடி மனிதர் பெரும்பாடு பட்டுள்ளனர். உரோமாபுரியை கி.பி. 14 முதல் 37 வரை ஆண்ட திபேரியசு மன்னனுக்கு ஆண்டு முழுவதும் வெள்ளரிக்காய் வேண்டியிருந்ததாம். அதற்காகத் தோட்டக்காரர் சில்லுப் பூட்டிய பாத்திகளைச் செய்து, வெயிலில் தள்ளிச் சென்றும், குளிர் வந்தபோது மூடிவைத்தும் வளர்த்தனர் என்று பிளினி என்னும் பழைய ஆசிரியர் எழுதிவைத்துள்ளார். பிற்காலத்தில் இங்கிலாந்தின் தோட்டக்காரர் குதிரைச் சாணத்தைக் குவித்து, அது மக்கும்போது எழும் சூட்டின்மேல் பாத்தி அமைத்தனர். இன்று அந்நாடுகளில் அடித்தட்டில் மின்கம்பி ஓடும் சிறு பெட்டிகள் கடைகளில் விற்பனையாகின்றன. கைத்திறன் உள்ளோர் ஒரு மின்குமிழையும் பழைய மரப்பெட்டியையும் கொண்டு வீட்டிலேயே அவற்றைச் செய்துகொள்கின்றனர்.

வாவிக்கரை உழவருக்கு மின்கம்பியும் தேவையில்லை, குதிரைச் சாணமும் தேவையில்லை. நெல்விதை தனக்கு வேண்டிய சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. ஊறிய விதை தன் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு நீரை உறிஞ்சிக்கொள்கிறது. உடனே உறங்கிக் கிடந்த கரு விழித்தெழுகிறது. நொதியங்கள் என்னும் பொருள்கள் சுரந்து, அரிசியிலுள்ள மாப்பொருளை வெல்லமாக மாற்றுகின்றன. கரு அந்த வெல்லத்தை உண்டு, காற்றிலுள்ள ஒட்சிசனை ஏற்றுச் சுவாசிக்கிறது. சுவாசிக்கும் உயிர் அனைத்தும் சூடு விடும், விதையும் அவ்வாறே. ஒரு மணியின் சூடு ஒன்றுமில்லை. ஒரு புசல் நெல், அதாவது ஏறத்தாழ 20 கிலோ, ஒரே சாக்கில் நெருங்கிக் கிடந்து சுவாசிக்கும்போது அந்தச் சூடு வெளியேற வழியின்றித் திரள்கிறது. சாக்கைச் சுற்றிய வைக்கோல் அதனை மேலும் காத்து வைக்கிறது. செலவில்லாத வெப்பப் பெட்டி இதுவே.

ஆனால், தானே எரியும் அடுப்புக்குத் தானே அணையத் தெரியாது. நெல் நன்றாக முளைப்பது 30 முதல் 35 பாகை செல்சியஸ் வரையான வெப்பத்தில். அதற்குக் குறைந்தால் முளை தாமதிக்கும். சூடு 40 பாகையைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் கரு அவிந்துபோகும். சூடு கூடக்கூடச் சுவாசம் விரைகிறது. சுவாசம் விரைய விரையச் சூடு மேலும் கூடுகிறது. சாக்கின் ஓரத்து விதை குளிர்ந்து கிடக்க, நடுவிலுள்ள விதை வெந்துவிடுவது இதனாலேதான். வெளியே தொட்டுப் பார்த்து உள்ளே நலம் என்று எண்ணுவோர் ஏமாறுவர்.

இனி, செய்ய வேண்டியவற்றை ஒழுங்காகப் பார்ப்போம்.

முதலாவது, விதையைத் தெரிதல். ஒரு பாத்திரத்தில் பத்து லீற்றர் நீர் எடுத்து, ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ உப்பைக் கரைக்க வேண்டும். புதிய கோழிமுட்டை ஒன்று அதில் மிதந்து, அதன் மேற்புறம் சிறிது நீருக்கு வெளியே தெரியுமாயின் கரைசல் சரி. நெல்லை அதிற் கொட்டினால் பதரும் சப்பியும் மிதக்கும். கனத்த மணிகள் தாழும். மிதந்தவற்றை அகற்றி, தாழ்ந்தவற்றை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை கழுவ வேண்டும். உப்பு ஒட்டியிருந்தால் முளை கெடும்.

இரண்டாவது, ஊறவைத்தல். 24 மணிநேரம் போதுமானது. இந்நீர் கிணற்று நீராகவோ குளத்து வாய்க்கால் நீராகவோ இருத்தல் நன்று. வாவி நீரைப் பயன்படுத்துதல் தகாது. முகத்துவாரம் திறக்கும்போது கடல்நீர் உட்புகுவதால் வாவியின் உப்பு இடத்துக்கு இடமும் மாதத்துக்கு மாதமும் மாறுகிறது. ஊறும் நீரையும் ஒரே நிலையில் விட்டுவிடலாகாது. பன்னிரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறையேனும் மாற்ற வேண்டும். தேங்கிய நீரிலுள்ள ஒட்சிசனை விதை விரைவில் உண்டு தீர்த்துவிடும். அதன்பின் சுவாசம் நொதித்தலாக மாறி, மதுசாரம் உண்டாகிப் புளித்த நாற்றம் எழும்.

காற்றுக் குறைந்ததா என்பதை விதையே காட்டிக் கொடுக்கும். நெல்லுக்கு ஓர் அரிய இயல்பு உண்டு. ஏனைய தானியங்கள் பலவும் மூச்சுமுட்டி இறக்கும் நீருக்கடியிலும் நெல் குருத்தை நீட்டிவிடும். ஆனால் வேரை விடாது. காற்றோட்டமுள்ள இடத்திலோ வேர் தடையின்றிப் புறப்படும். ஆகவே சாக்கை அவிழ்க்கும்போது வெண்குருத்து நீண்டு, வேர் காணப்படாவிட்டால், விதை காற்றின்றித் தவித்தது என்று அறிந்துகொள்ளலாம்.

மூன்றாவது, சாக்கில் முளைகட்டுதல். இதற்கு 48 மணிநேரம் அளவாகும். நீரை நன்றாக வடியவிட்டு, சாக்கைப் பாதியளவு மட்டும் நிரப்பித் தளர்வாகக் கட்ட வேண்டும். விதை பருப்பதற்கும் காற்று உலாவுவதற்கும் இடம் வேண்டுமல்லவா? சாக்கை வெறும் சீமெந்துத் தரையில் வைத்தால் அடியில் நீர் தேங்கும். பலகைகளின்மேல் வைக்கோலைப் பரப்பி, நிழலில் வைப்பதே முறை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குதல் கேடு. பன்னிரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை சாக்கை அவிழ்த்து, நடுவிலுள்ள விதை ஓரத்துக்கும் ஓரத்து விதை நடுவுக்கும் வரும்படி கிளறி, காய்ந்திருந்தால் நீர் தெளித்து, மீண்டும் கட்ட வேண்டும்.

சூட்டை அளக்க வெப்பமானி இருந்தால் அதன் முனையைச் சாக்கின் நடுவரை செலுத்திப் பார்க்கலாம். இல்லாவிட்டால் கையை நடுவரை விட்டுப் பார்த்தாலே போதும். இதமான இளஞ்சூடு நல்ல அறிகுறி. காய்ச்சல்காரரின் நெற்றியைப் போலச் சுடுமாயின், அப்பொழுதே கொட்டிக் கிளறி ஆறவிட வேண்டும். விடியட்டும் என்று காத்திருத்தலாகாது.

இவ்விடத்தில் பலரும் தவறும் ஒரு செய்தியைச் சொல்லுதல் வேண்டும். ஒரு பருவத்தில் பலித்த முறை மறு பருவத்தில் பலிக்கும் என்று நம்புதல் பிழை. மாரியில் வாடைக்காற்று வீசி, மழை நாட்கணக்கில் ஓயாது பெய்யும்போது வெளி வெப்பம் 24 பாகை அளவுக்கு இறங்குவதுண்டு. அப்பொழுது வைக்கோற் போர்வை தடிப்பாக இருத்தல் நன்று. சாக்குகளை ஒன்றோடொன்று அணைத்தும் வைக்கலாம். சிறுபோகத்தில் சித்திரை வெயில் காய, பின்னர் கச்சான் காற்று அனலாய் வீசும். அக்காலத்தில் அதே போர்வையைப் போட்டால் விதை அவிந்துவிடும். மெல்லிய போர்வை, அடிக்கடி நீர்த்தெளிப்பு, அடிக்கடி கிளறுதல் ஆகியவையே அப்பருவத்துக்கு ஏற்றவை. மாரியில் சூட்டைச் சேர்ப்பதும் கோடையில் சூட்டைக் கழிப்பதும் ஒரே கலையின் இரண்டு பக்கங்களாகும்.

ஒரு சாக்கு விதை கெட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்போர் இருக்கலாம். சேற்று விதைப்பில் ஏக்கருக்கு இரண்டு புசல் விதை செல்கிறது. கெட்டது அந்த நெல் மட்டுமன்று. மறுபடி ஊறவைத்து முளைகட்ட மூன்று நாட்கள் செல்லும். குளத்து நீர் திறக்கும் நாளும் விதைப்பு முடிய வேண்டிய நாளும் பயிர்ச்செய்கைக் கூட்டத்திலேயே தீர்மானிக்கப்பட்டு விடுகின்றன. சமப்படுத்திய சேறு இறுகிவிடும், களை முந்திக்கொள்ளும். அண்டை வயலுக்குப் பிந்தி விளையும் வயலைத் தேடிப் பூச்சியும் பறவையும் வரும். நீர் இறுதியில் குறையும்போது முதலில் வாடுவதும் அதுவே. 2011 தை மாதத்துப் பெருவெள்ளம் மட்டக்களப்பின் நெல்வயல்களை மூழ்கடித்ததை மக்கள் மறக்கவில்லை. அத்தகைய அழிவுக்குப் பின் கையில் எஞ்சும் விதைநெல்லின் ஒவ்வொரு மணியும் அரியது. வெள்ளத்தைத் தடுக்க ஓர் உழவரால் இயலாது. சாக்கினுள் விதை வேகாமல் தடுக்க இயலும்.

முளை ஒன்று அல்லது இரண்டு மில்லிமீற்றர் வெளிவந்தவுடன் விதைத்துவிட வேண்டும். வேர் நீண்டால் ஒன்றோடொன்று பின்னி, வீசும்போது ஒடியும். விதைக்கவிருந்த நாளில் பெருமழை கொட்டி வயல் நிரம்பினால், சாக்கை அவ்வாறே விட்டுவைத்தலாகாது. முளைவிதையை நிழலில் பாய்மீது மெல்லிதாகப் பரப்பினால் சூடு தணிந்து வளர்ச்சி தாமதிக்கும். வயல்நீர் வடியும்வரை இரண்டொரு நாள் இவ்வாறு தாங்கலாம்.

இதே உண்மையை எழுவான்கரை வீட்டுத் தோட்டத்திலும் பயன்படுத்தலாம். மிளகாய் விதை முளைப்பதற்கு 25 முதல் 30 பாகை வெப்பம் உகந்தது. மழை அடைத்துப் பெய்யும் நாட்களில் திறந்த பாத்தியில் விதைத்தால் ஈரம் மிகுந்து, பங்கசு பற்றி, நாற்றழுகல் நோயால் நாற்றுகள் அடியோடு சாயும். அத்தகைய நாட்களுக்கு ஒரு சிறு பெட்டி போதும். மூன்று அடி நீளமும் இரண்டு அடி அகலமும் உள்ள மரப்பெட்டி ஒன்றில், புதிய மாட்டுச் சாணத்தையும் நறுக்கிய வைக்கோலையும் ஈரமாகக் கலந்து, ஓர் அடி உயரத்துக்கு மிதித்து நிரப்ப வேண்டும். இரண்டு மூன்று நாட்களில் அது கொதிப்பதுபோலச் சூடேறும். அந்த முதற்சூட்டில் விதையை வைத்தலாகாது. சூடு தணிந்து இளஞ்சூடான பின்னர், மணலும் சலித்த மண்ணும் கலந்து நான்கு அங்குலம் பரப்பி, அரைச் சென்ரிமீற்றர் ஆழத்தில் விதைக்கலாம். மேலே சரிவாக ஒரு பொலித்தீன் கூரை மழையைத் தடுக்கும். பக்கங்கள் திறந்திருந்தால் காற்று உலாவும். முளை கண்டதும் பகல் வெளிச்சம் நன்றாகப் படும்படி செய்யாவிட்டால் நாற்று வெளிறி நெட்டையாகிவிடும். வெயில் உள்ள நாட்களில் இந்தச் சாணச் சூடு தேவைப்படாது. மண்ணின் இயற்கை வெப்பமே போதும்.

இறுதியாக ஒரு சிறு சோதனை. எத்துணை நுட்பமாகச் சூடு காத்தாலும் உயிரற்ற விதை முளைக்கமாட்டாது. ஆகையால் விதைப்புக்கு ஒரு கிழமைக்கு முன்னரே, மூட்டையின் மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் எடுத்துக் கலந்த 100 மணிகளை எண்ணி, ஊறவைத்து, ஈரத்துணியில் சுற்றி வைக்க வேண்டும். 85 மணிகளுக்கு மேல் முளைத்தால் அது நம்பத்தக்க விதை. அதற்கு மிகவும் குறைந்தால் வேறு விதை தேட இன்னும் நாள் உண்டு. அறுவடை செய்து சில கிழமைகளே ஆன நெல்லாயின், அது உறக்கம் தெளியாமலும் இருக்கலாம். சிறிது காலம் வைத்திருந்து மறுபடி சோதித்தல் தக்கது.

ஈரம், சூடு, காற்று ஆகிய மூன்றும் தத்தம் அளவில் நின்றால் விதை தன் கடமையைச் செய்யும். அவற்றுள் ஒன்று மிகுந்தாலும் குறைந்தாலும் ஓர் ஆண்டின் உழைப்புத் தடுமாறும். அந்த அளவைக் காக்க வேண்டியது இரண்டே நாட்கள். வேண்டிய கருவி ஒரு சாக்கும், சிறிது வைக்கோலும், பன்னிரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை உள்ளே நுழைந்து பார்க்கும் ஒரு கையுமே.