நோயை விரட்டிய மண்வெட்டியும் ஊசியும்

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

போன பள்ளி விடுமுறையில் சிங்கப்பூருக்குப் போயிருந்தேன். தேக்கா சந்தையில் இறங்கிச் சிராங்கூன் சாலையில் நடந்தேன். பூக்கடையும் நகைக்கடையும் பார்க்கக் கண் கோடி வேண்டும். ஆனால் என் மனசு என் தாத்தாவையே நினைத்துக்கொண்டிருந்தது. 1950களில் அவர் அந்த நகரில் சாக்கடை வெட்டும் தொழிலாளி. “எங்க கொட்டடியில இருமல் சத்தம் கேக்காத ராத்திரியே கிடையாதுப்பா” என்று சொல்வார்.

அது வெறும் கிழவர் பேச்சல்ல. வெளிச்சமும் காற்றும் புகாத அறைகளில் மக்கள் நெருக்கியடித்துக் கிடப்பதால் காசநோய் பெருகுகிறது என்று டாக்டர் சிம்சன் 1907லேயே அறிக்கை கொடுத்தார். 1950இல் சிங்கப்பூரில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 82 குழந்தைகள் ஒரு வயது நிறையுமுன்பே இறந்தன. 1960இல் அது சுமார் 35 ஆயிற்று. இன்று 2 அளவில்தான் இருக்கிறது. எண்ணிப் பாருங்கள், எத்தனை தாய்மார்களின் கண்ணீர் துடைக்கப்பட்டிருக்கிறது!

இது எப்படி நடந்தது? முதலில் வந்தது மண்வெட்டி. நம் மலாயாவில், கிள்ளானில், 1901 முதல் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்து நீரை வடியவிட்டு மலேரியாக் கொசுவை ஒழித்துக் காட்டினார். 1911இல் சிங்கப்பூர் தெலுக் பிளாங்காவிலும் அதே வேலை தொடங்கியது. கால்வாய் வெட்டிய கைகளில் நம்மவர் கைகள் ஏராளம். 1982இல் சிங்கப்பூரை மலேரியா இல்லாத நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. மலவாளி சுமக்கும் வேலையும் 1987இல் முடிவுக்கு வந்தது.

அடுத்து வந்தது ஊசியும் சொட்டு மருந்தும். காசநோய்க்குப் பி.சி.ஜி. ஊசி போட்டார்கள். 1958இல் இளம்பிள்ளைவாதம் பரவியபோது சுமார் 2 லட்சம் பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். 1962இல் தொண்டை அடைப்பான் தடுப்பூசியைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள்.

அப்படிப்பட்ட ஊரிலும் 2020இல் 35,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது. ஏன்? டெங்குக் கொசு சாக்கடையைத் தேடாது. பூச்சட்டித் தட்டில் நிற்கும் தெளிந்த தண்ணீரே அதற்குப் போதும். நகரசபை ஆள் வந்து நம் வீட்டுப் பூச்சட்டியைக் கவிழ்க்க முடியுமா?

இந்த ஆண்டு நம் பள்ளி மாணவன் ஒருவனும் டெங்குக் காய்ச்சலில் மூன்று வாரம் படுத்துவிட்டான். தேர்வும் எழுத முடியவில்லை. பரிசு வாங்கியிருக்க வேண்டிய பிள்ளை இன்று முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருக்கிறான். பிழைத்து வந்தானே, அதுவே நமக்குப் பரிசு.

பெற்றோர்களே! தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வையுங்கள், தேதி தவறாதீர்கள். “ஊசி போட்டா காய்ச்சல் வருமே” என்று தயங்க வேண்டாம். அந்தக் காய்ச்சல் ஒரு நாள்; நோய் வந்தால் உயிருக்கே ஆபத்து. மாணவர்களே! வாரம் ஒரு நாள் லயத்தைச் சுற்றி வந்து, தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், தகர டின் எல்லாவற்றையும் கவிழ்த்துப் போடுங்கள்.

சுத்தம் சோறு போடும் என்பார்கள். அது உயிரையும் காக்கும்.