எல்.இ.டி. விளக்கின் ஆயுள் பலகையில் இருக்கிறது



எல்.இ.டி. விளக்கு சுடாது என்று பலரும் நம்புகிறார்கள். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி தெரியாததால்தான், 25,000 மணி நேரம் எரியும் என்று பெட்டியில் போட்டிருக்கும் விளக்கு இரண்டே ஆண்டில் மங்கும்போது கடைக்காரரோடு சண்டை வருகிறது.

பழைய குண்டு பல்பு தன் சூட்டை ஒளியோடு சேர்த்து முன்பக்கமாக வீசிவிடும். எல்.இ.டி.யின் வெள்ளை ஒளியில் அந்தச் சூடு இல்லை. ஆனால் உள்ளே போகும் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதி, பல சமயம் அதற்கும் மேல், வெப்பமாகவே மாறுகிறது. ஒரு மில்லிமீட்டர் அகலச் சில்லில் பிறக்கும் அந்த வெப்பம், முதுகுப்பக்கம் இறங்கிப் பலகை வழியாகத்தான் வெளியேற வேண்டும்.

சிக்கலே அந்தப் பலகையில்தான். வானொலிப் பெட்டிக்குள் பார்க்கும் பச்சை மின்சுற்றுப் பலகை, கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்தது. வெப்பத்தைக் கடத்துவதில் அது அலுமினியத்தைவிடப் பல நூறு மடங்கு மந்தம். 3 வாட் எல்.இ.டி.யை வெறுமனே அதன்மேல் பற்றவைப்பது, கொதிக்கும் பானையைக் கம்பளியில் சுற்றி வைப்பது போலத்தான்.

சின்னக் கணக்கு ஒன்று. அந்த எல்.இ.டி. 2 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. சில்லிலிருந்து காற்றுவரை உள்ள பாதையில் வாட்டுக்கு 20 டிகிரி ஏறினால், மொத்தம் 40 டிகிரி. கூரைக்கும் சிலிங்குக்கும் இடையே காற்று 40 டிகிரி இருந்தால், சில்லின் சூடு 80. தாங்கிக்கொள்ளும். பாதை மோசமாகி வாட்டுக்கு 50 டிகிரி ஏறினாலோ, சில்லு 140 டிகிரியைத் தொடும். பல சில்லுகளுக்கு அது உச்ச வரம்பு. சிலவற்றுக்கு அதையும் தாண்டியது. விளக்கு உடனே அணைந்துவிடாது. நாளுக்கு நாள் ஒளி குறையும், நிறமும் மாறும். பெட்டியில் போடும் ஆயுள்கூட பொதுவாக, ஒளி 70 விழுக்காட்டுக்குக் குறையும்வரை உள்ள கணக்குதான்.

இதற்காகவே அலுமினிய முதுகுள்ள பலகை வந்தது. செம்புத் தடத்துக்கும் அலுமினியத்துக்கும் நடுவே மெல்லிய மின்காப்புப் படலம் மட்டுமே இருக்கும். செலவைக் குறைக்க நினைப்பவர்கள், சாதாரணப் பலகையிலேயே எல்.இ.டி.யின் அடியில் செம்பு பூசிய நுண்துளைகளை நெருக்கமாகப் போட்டு, வெப்பத்தை மறுபக்கம் இறக்குகிறார்கள். அதுவும் நல்ல வழியே. பற்றவைக்கும்போது ஈயத்துக்குள் காற்றுக்குமிழி நிற்கக்கூடாது. பலகைக்கும் வெப்பம் வாங்கும் அலுமினியக் கட்டைக்கும் இடையே தடவும் பசையோ, தோசைக்கு எண்ணெய் தடவுவது போல மெல்லியதாக இருக்க வேண்டும். நிறைய அப்பினால் நல்லது என்று எண்ணுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்; தடித்த பசை வெப்பத்தைத் தடுக்கத்தான் செய்யும்.

2017-இல் ஓஸ்ராம் நிறுவனம் எல்.இ.டி. சில்லு ஆலையைத் திறந்த கூலிம், நமக்குத் தூரத்து ஊரல்ல. ஆனால் எவ்வளவு தரமான சில்லானாலும், பொருத்துபவர் கையில்தான் அதன் கதி இருக்கிறது.

மின்னோட்டமும் கவனிக்க வேண்டியது. 350 மில்லி ஆம்பியரில் எரியும் எல்.இ.டி.க்கு 700 கொடுத்தால், ஒளி இரட்டிப்பாவதில்லை. வெப்பம் இரட்டிப்புக்கும் மேல் போகிறது. ஒன்றை வதைப்பதைவிட, இரண்டைப் பாதி ஓட்டத்தில் எரியவிட்டால் கட்டணமும் மிஞ்சும். மலிவு விளக்குகள் பல இதற்கு நேர்மாறாகச் செய்யப்பட்டவை.

இன்னொன்று: சூடேறினால் எல்.இ.டி.க்குத் தேவையான மின்னழுத்தம் குறையும். மாறாத மின்னழுத்தத்தில் நேரடியாக இணைத்தால், சூடு ஏற ஏற ஓட்டம் கூடும், ஓட்டம் கூடக்கூடச் சூடு ஏறும். ஆகவே மின்னோட்டத்தை ஒரே அளவில் நிறுத்தும் டிரைவர் தேவை. அந்த டிரைவரையும் சூட்டிலிருந்து தள்ளி வையுங்கள். அதிலுள்ள மின்தேக்கி, பல விளக்குகளில் எல்.இ.டி.க்கு முன்பே செயலிழந்துவிடுகிறது.